செத்த காலேஜ், உயிர் காலேஜ், கிண்டி

1

மதராஸ் பட்டணத்தில் ஒரு காலத்தில் இரண்டு காலேஜ்கள் ரொம்பப் பிரபலம். ஒன்று செத்த காலேஜ், இன்னொன்று உயிர் காலேஜ். இரண்டிலும் அப்ளிகேஷன் ஃபாரம் கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது, அரியர் கிடையாது. காணும் பொங்கலன்று கைக்குழந்தையோடும் கட்டுச்சோற்றோடும் போய் வரலாம்.

செத்த காலேஜ் என்றால் எழும்பூர் மியூசியம். பாடம் செய்த பறவைகள், கண்ணாடிக் குடுவைக்குள் சுருண்ட பாம்புகள், ஆளை மிரட்டும் திமிங்கல எலும்புக்கூடு. உயிர் காலேஜ் என்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலை. 1985-ல் வண்டலூருக்குப் போய்விட்டது. ஆனாலும் எங்கள் பாட்டி கடைசிவரை வண்டலூரையும் ‘உயிர் காலேஜு’ என்றுதான் சொன்னாள்.

காலேஜ் என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? மியூசியம் 1851-ல் தொடங்கியபோது அதற்குச் சொந்த இடம் இல்லை. நுங்கம்பாக்கத்தில் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுக்க ஏற்பட்டிருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில்தான் அலமாரிகளை வைத்தார்கள். அந்தத் தெருவுக்கு இன்றும் காலேஜ் ரோடு என்றுதான் பெயர். 1854-ல் மியூசியம் எழும்பூர் பாந்தியனுக்குக் குடிபெயர்ந்தது. பெயரும் கூடவே போய்விட்டது. பிறகு மிருகங்களுக்குத் தனி இடம் வந்ததும் ஜனங்கள் வித்தியாசம் தெரிய ஒன்றைச் செத்தது என்றும் மற்றதை உயிருள்ளது என்றும் பிரித்துக்கொண்டார்கள்.

தற்செயலாக விழுந்த பெயர்தான். ஆனால் எனக்கு இது சரியான பெயராகவே படுகிறது. அறிவியல் படிக்காத, பெரும்பாலும் எழுத்தே படிக்காத ஆயிரக்கணக்கானவர்கள், ஒரு புலியின் தாடை எப்படி இருக்கும், முதலைக்கு எத்தனை பல் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளப் போன இடம் காலேஜ் இல்லாமல் வேறென்ன? விஞ்ஞானம் மேஜராக எடுக்காதவர்களுக்கு ஓர் அறிமுக உயிரியல் பாடம் நடத்துவது எப்படி என்று பல்கலைக்கழகங்கள் இன்றும் குழம்பிக்கொண்டிருக்கின்றன. இந்த ஊரில் அதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. அதன் கடைசிக் கட்டிடம் கிண்டியில் நிற்கிறது.

2

முதலில் பழைய பதிலைப் பார்ப்போம்.

மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர். பின்னாளில் இந்தியாவைப் பற்றிப் பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவர். பிள்ளைப்பேறு பற்றிய ஓர் ஆங்கில நூலைத் தானே இந்துஸ்தானியில் பெயர்த்து, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் தன் கைக்காசில் மொழிபெயர்த்து அச்சிட வைத்தார். மருத்துவம் படிக்காதவர்களுக்கும் உடம்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் ஒருவர் இதைச் செய்திருக்க மாட்டார்.

பால்ஃபர் மியூசியத்தில் கற்களையும் எலும்புகளையும் அடுக்கி வைத்தார். பிறகு சில உயிருள்ள மிருகங்களையும் வைத்துப் பார்த்தார். கூட்டம் எகிறியது. கல்லைப் பார்க்க வருகிறவர்களைவிட உறுமுகிற ஒன்றைப் பார்க்க வருகிறவர்கள் எப்போதுமே அதிகம். சும்மா விடாமல் கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையும் வாங்கிவிட்டார். 1855-ல் மிருகக்காட்சிசாலை தொடங்கியது. ஒரே வருடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் சேர்ந்தன. 1863-ல் நகராட்சி அதை ஏற்றுக்கொண்டு பீப்பிள்ஸ் பார்க்குக்குக் கொண்டுபோனது.

ஏறக்குறைய இதே காலத்தில் லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லி தொழிலாளர்களுக்கு உயிரியல் சொற்பொழிவுகள் நடத்திக்கொண்டிருந்தார். 1868-ல் நார்விச் நகரத்தில் உழைக்கும் மக்கள் முன்னால் அவர் பேசியது ஒரு சுண்ணாம்புக்கட்டியைப் பற்றி. தச்சர் கோடு போடப் பையில் வைத்திருக்கும் அதே கட்டிதான். அது கண்ணுக்குத் தெரியாத கடலுயிர்களின் ஓடுகளால் ஆனது என்று தொடங்கி, பூமியின் வயது, உயிர்களின் மாற்றம் என்று கேட்பவர்களைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கும் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் மொழி ஒன்று. மதராஸில் அந்த வசதி இல்லை. பொருள் இருந்தது, பார்க்க ஜனம் இருந்தது. நடுவில் நின்று தமிழில் கதை சொல்லும் ஆள் மட்டும்தான் குறைச்சல். பாடம் செய்து வைத்திருந்தார்கள், பாடம் நடத்த ஆள் இல்லை.

அந்த ஆள் வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

3

இதற்கிடையில் நிஜக் காலேஜ்கள் என்ன செய்தன?

தமிழ்நாட்டில் ஒரு மாணவன் பத்தாம் வகுப்போடு உயிரியலிடம் டாட்டா சொல்லிவிடலாம். பதினொன்றில் ‘தேர்ட் குரூப்’ எடுத்தால் கணக்குப் பதிவியலும் வணிகவியலும் பொருளாதாரமும்தான். பதினைந்து வயதில் அவன் கடைசியாகப் படித்த உயிரியல், இதயத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும் உயிரியல். அதன் பிறகு அவன் கல்யாணம் செய்வான், பிள்ளை பெறுவான், தடுப்பூசி போடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பான், அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி காரிடாரில் நிற்பான். எல்லாவற்றுக்கும் கைவசம் இருப்பது அந்த இதயப் படம்தான்.

இந்த ஓட்டையை அடைக்க இரண்டு முயற்சிகள் நடந்தன.

முதலாவது நீதிமன்றம் வழியாக வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் ஒரு தீர்ப்பு சொன்னது. பள்ளி முதல் கல்லூரி வரை சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும் என்ற யோசனையோடு, சினிமா தியேட்டர்கள் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் ஸ்லைடுகளை இலவசமாகக் காட்ட வேண்டும் என்பதும் அதில் இருந்தது. எனக்குப் பிடித்த பகுதி அந்த ஸ்லைடுதான். கல்லூரிக்கே போகாதவனும் ரஜினி படத்துக்குப் போவான் என்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது. கல்லூரிப் பகுதி நடைமுறைக்கு வர இன்னும் பன்னிரண்டு வருடங்களும் ஓர் உத்தரவும் தேவைப்பட்டன. 2003 டிசம்பருக்குப் பிறகுதான் இளங்கலை மாணவர்கள் அனைவருக்கும் ஈ.வி.எஸ். வந்தது.

யூ.ஜி.சி. தயாரித்த அந்த மாதிரிப் பாடத்திட்டத்தை இப்போது எடுத்துப் படித்தால் மோசம் என்று சொல்ல முடியாது. மொத்தம் 50 மணி நேரம். சூழல்மண்டலத்துக்கு 6, பல்லுயிர்ப் பெருக்கத்துக்கு 8. கடைசி அலகு களப்பணி. அருகிலுள்ள ஒரு குளத்தையோ காட்டையோ போய்ப் பார்ப்பது, பக்கத்திலிருக்கும் செடி, பூச்சி, பறவைகளைக் கவனித்து எழுதுவது. அதற்கு 5 மணி நேரம், ஆனால் 100-ல் 25 மதிப்பெண். அதாவது நேரத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு, மார்க்கில் நான்கில் ஒரு பங்கை அதன் மேல் வைத்தார்கள். எழுதியவர்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்திருக்கிறது.

இரண்டாவது முயற்சி தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 2008-ஐ ஒட்டி வந்த ‘நான் மேஜர் எலெக்டிவ்’. பட்டப்படிப்பின் நான்காம் பாகத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பேப்பர். வேறு துறையில் போய் ஒரு பாடம் படிக்க வேண்டும். விலங்கியல் துறை மண்புழு உரம் சொல்லிக்கொடுக்கும், தாவரவியல் துறை காளான் வளர்ப்பு. இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. பள்ளியில் தமிழே படிக்காதவர்களுக்கு அதே நேரத்தில் அடிப்படைத் தமிழ் வகுப்பு. பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் ஹிந்தியோ பிரெஞ்சோ எடுத்தவர்களுக்குச் சிறப்புத் தமிழ். மிச்சமிருப்பவர்கள், அதாவது முதல் பாகத்திலேயே தமிழ் எடுத்தவர்கள், இந்த எலெக்டிவுக்கு வருவார்கள். ஆக, தமிழ்நாட்டில் ‘விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கான உயிரியல்’ என்ற வகுப்பறையில் உட்காருவது கிட்டத்தட்ட முழுக்கத் தமிழ் வழி யோசிக்கிற பிள்ளைகள். பாடமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

நான் பி.காம். இரண்டு வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், எல்லாக் கல்லூரியிலும் இதுதான் கதை. ஈ.வி.எஸ். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த மணி. களப்பணி என்பது சீனியரின் ரெக்கார்டு நோட்டு. அட்டை மட்டும் மாறும். எங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் இல்லவே இல்லாத ஓர் ஏரியை மூன்று பேட்ச் மாணவர்கள் ஆய்வு செய்திருந்தார்கள். “பாஸ் பண்ணா போதும்டா, இதெல்லாம் யாரு பாக்கப்போறா” என்பதுதான் அந்தப் பாடத்தின் தேசிய கீதம்.

எலெக்டிவ் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. எங்களுக்கு அலங்கார மீன் வளர்ப்பு. ஒருநாள் பேராசிரியை ஒரு பாட்டிலில் கப்பி மீன் ஜோடியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஆண் மட்டும் ஏன் இவ்வளவு கலர்? பெண் ஏன் சாம்பல்? அவ்வளவுதான் கேள்வி. வகுப்பில் கொளத்தூர்ப் பையன் ஒருவன் இருந்தான். மீன் மார்க்கெட் இருக்கிற அதே கொளத்தூர். வீட்டிலேயே ஃபைட்டர் வளர்க்கிறவர்கள். அதுவரை கடைசி பெஞ்சில் தூங்கியவன் எழுந்து, எந்த ஆணை எந்தப் பெண்ணோடு விட்டால் என்ன கலர் வரும், எத்தனை தலைமுறைக்குப் பிறகு கலர் ‘நிக்கும்’ என்று பத்து நிமிடம் பேசினான். பேராசிரியை கரும்பலகையில் மெண்டலின் கட்டத்தைப் போட்டு, அவன் சொன்னதை அதில் எழுதிக் காட்டினார். மரபியல் என்பது எங்கோ ஆஸ்திரியாவில் ஒரு பாதிரியார் பட்டாணி எண்ணிய கதை என்று நினைத்திருந்த நாற்பது பேருக்கு அது கொளத்தூர்க் கதையாகிவிட்டது.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இது. இந்த வகுப்புக்கு வருகிறவன் காலிப் பாத்திரமாக வருவதில்லை. அவனிடம் ஏற்கெனவே ஒரு கேள்வியோ, ஒரு பயமோ, தப்பான ஒரு பதிலோ இருக்கிறது. பாடம் அங்கிருந்து தொடங்கினால் அவன் எழுந்து உட்காருவான். விஞ்ஞானி ஆகப்போகிறவனுடைய பாடத்தைப் பாதியாக வெட்டிக் கொடுத்தால் தூங்குவான்.

4

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது கிண்டி பாம்புப் பண்ணை.

ரோமுலஸ் விட்டேகர் 1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர். சின்ன வயதிலேயே இந்தியா வந்து கொடைக்கானலில் படித்தவர். அமெரிக்காவில் கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டவர். மியாமியில் பில் ஹாஸ்ட் நடத்திய பாம்புக் கூடத்தில் வேலை பார்த்ததுதான் அவருடைய மேல்படிப்பு. அறுபதுகளின் கடைசியில் இந்தியா திரும்பி, தாம்பரம் பக்கம் சேலையூரில் சின்னதாக ஒரு பாம்புப் பண்ணை தொடங்கினார். 1972-ல் அது கிண்டிக்கு வந்தது. கவர்னர் தோட்டமாக இருந்த காட்டின் ஓரம். அந்தக் காட்டிலிருந்துதான் ஐ.ஐ.டி.க்கும் காந்தி, ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களுக்கும் நிலம் போனது. மிச்சம் 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. ஊருக்கு நடுவில் புள்ளிமானும் வெளிமானும் திரிகிற சுமார் 270 ஹெக்டேர்.

டிகிரி முடிக்காத ஒருவர் நகரத்தின் மிகப் பெரிய உயிரியல் வகுப்பைத் தொடங்கினார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. ஆனால் அது அலங்காரத் தகவல். முக்கியமானது அவர் தேர்ந்தெடுத்த பாடப்பொருள். புலி இல்லை, யானை இல்லை. பாம்பு. தமிழ்நாட்டில் பாம்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் யாருமே கிடையாது. எல்லோருக்கும் நிறையத் தெரியும், அதில் பாதி தப்பு. இதைவிட நல்ல வகுப்பறை ஓர் ஆசிரியனுக்குக் கிடைக்காது.

நம்மூர் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயம்.

சாரையும் நல்ல பாம்பும் பிணையும் என்பது முதல் நம்பிக்கை. சாரைதான் ஆண், நாகம்தான் பெண் என்றுகூடச் சொல்வார்கள். வயலில் இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு எழும்பி ஆடுவதைப் பார்த்தவர்கள் மேலே புதுத்துணி போட்டு எடுத்து வைத்துக்கொள்வதும் உண்டு. அது உண்மையில் என்ன? இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். பெண்ணுக்கான மல்யுத்தம் அது. கடிப்பதில்லை, எதிராளியின் தலையைத் தரையில் அழுத்தினால் வெற்றி. இதைச் சொல்லி முடிக்க, இனம் என்றால் என்ன, ஓர் இனம் இன்னோர் இனத்தோடு ஏன் சேர்வதில்லை, ஆண்கள் ஏன் போட்டி போடுகின்றன என்று மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். டார்வினின் பாலினத் தேர்வு என்று பாடப்புத்தகம் இதைத்தான் சொல்கிறது.

மகுடிக்குப் பாம்பு ஆடும் என்பது அடுத்தது. பாம்புக்கு வெளிக்காது இல்லை. அது மகுடியின் அசைவைத்தான் பார்க்கிறது. ஆனால் ‘பாம்புக்குக் காதே கேட்காது’ என்று பலர் திருத்துவார்களே, அதுவும் முழு உண்மை இல்லை. தாடை எலும்பு வழியாகத் தரையதிர்வு உள்காதுக்குப் போகிறது, காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் அது உணர்கிறது. ஒரு மூடநம்பிக்கையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொரு தட்டையான வாக்கியத்தை மாட்டுவது விஞ்ஞானம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, செத்தவனின் சிதைப்புகை தெரிகிறதா என்று பார்க்கும். கேட்கும்போதே மெய்சிலிர்க்கும். ஆனால் அது மனிதனைக் கொல்லும் விஷமில்லாத மரப்பாம்பு. மரத்தில் ஏறுவது அதன் வேலை, பல்லியும் தவளையும் அதன் சாப்பாடு. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பார்கள். கூர்மூக்கும் கிடைமட்டக் கண்மணியும் அதற்கு இருப்பது இலைகளுக்கு நடுவில் இரையின் தூரத்தைக் கணக்குப் போட. புற்றுக்குப் பால் ஊற்றுகிற பாட்டியிடம் பால் பாலூட்டிகளின் சமாச்சாரம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவளுடைய பக்தியை ஒன்றும் செய்ய வேண்டாம். எலி தின்னும் ஒரு பிராணியை வீட்டுக்கு வெளியே மரியாதையோடு வைத்திருந்த ஏற்பாடு அது, வயலுக்கு நல்லதைத்தான் செய்தது.

பள்ளி வயதில் அங்கே போனபோது ஓர் ஊழியர் கையில் பாம்பை வைத்துக்கொண்டு தமிழில் பேசியதைக் கேட்டிருக்கிறேன். சட்டென்று ஒரு பெண்மணி, “பழி வாங்குமா சார்?” என்றார். அவர் சிரிக்கவில்லை. பழி வாங்க முதலில் முகத்தை ஞாபகம் வைத்திருக்க வேண்டும், அதற்கு மூளையில் இடம் வேண்டும் என்று பாம்பின் மூளை எவ்வளவு சின்னது என்று விரலால் காட்டினார். பால்ஃபரின் காலத்தில் காணாமல் போயிருந்த ஆள் கடைசியில் வந்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

5

இது பொழுதுபோக்குப் பாடம் இல்லை. இந்தியாவில் 2000-க்கும் 2019-க்கும் இடையில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெரும்பாலோர் கிராமத்தவர்கள். தமிழ்நாடு அரசு 2024-ல்தான் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது.

இந்தச் சாவுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாகச் சொல்லப்படும் பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கட்டுவிரியன் ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்ததே பலருக்குத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி, பிறகு கண்ணிமை தானாக மூடிக்கொள்ளும். அதன் விஷம் நரம்பையும் தசையையும் இணைக்கும் இடத்தைப் பிடிக்கிறது. கண்ணாடி விரியனின் விஷம் ரத்தம் உறைவதைக் குலைக்கிறது. இந்த வித்தியாசம் தெரிந்தவர் வயிற்றுவலிக்கு ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க மாட்டார். இறுக்கிக் கட்டவோ, பிளேடால் கீறவோ, வாயால் உறிஞ்சவோ மாட்டார். காலை அசைக்காமல் வண்டி ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். பொருளாதாரம் படித்தவரோ தமிழ் இலக்கியம் படித்தவரோ, இதைத் தெரிந்துவைத்திருக்கப் பட்டம் தேவையில்லை.

விஷமுறிவு மருந்து எப்படி வருகிறது என்பதில் இன்னொரு பாடம் இருக்கிறது, அதன் ஆசிரியர்கள் இருளர்கள். பாம்புத் தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். 1972-ன் வனவிலங்குச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை முடித்துவைத்தன. 1978-ல் விட்டேகரும் அவர்களும் சேர்ந்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது. பாம்பைப் பிடித்துச் சில வாரங்கள் வைத்திருந்து, விஷம் எடுத்து, அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷம் மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஏற்றப்படுகிறது. குதிரையின் உடல் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குகிறது. அவற்றைப் பிரித்தெடுத்து நமக்குப் போடுகிறார்கள். குதிரை பட்ட பாட்டை நாம் கடன் வாங்குகிறோம். தடுப்பூசியிலோ நம் உடம்பே பாடுபட்டுக் கற்றுக்கொள்கிறது. நோயெதிர்ப்பியலின் பாதி இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

இதிலேயே பரிணாமமும் இருக்கிறது. ஒரே இனப் பாம்பாக இருந்தாலும் பஞ்சாபில் இருப்பதன் விஷமும் தமிழ்நாட்டில் இருப்பதன் விஷமும் ஒன்றில்லை. இங்கே எடுத்த விஷத்தில் செய்த மருந்து அங்கே அவ்வளவாக வேலை செய்யாமல் போகலாம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ‘பரிணாமத்தை நம்புகிறீர்களா’ என்று யாராவது கேட்டால், ஆஸ்பத்திரி வார்டில் வந்து பாருங்கள் என்று சொல்லலாம்.

வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதற்குச் சில வருடம் முன்பு, 2017-ல், ஃபுளோரிடாவின் சதுப்புக்காடுகளில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அமெரிக்க விஞ்ஞானிகள் இவர்களைத்தான் அழைத்துப் போனார்கள். மண்ணில் விழுந்த தடத்தைப் பார்த்து என்ன பாம்பு, எவ்வளவு நேரம் முன்னால் போனது என்று சொல்லும் ஒரு மனிதர், கவனித்தல், ஊகித்தல், சரிபார்த்தல் என்ற மூன்றையும் செய்கிறார். அறிவியல் முறை என்று முதல் அத்தியாயத்தில் நாம் மனப்பாடம் செய்வது இதைத்தான்.

6

கிண்டி ரயில் பாதைக்கு மேற்கே கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. 1899-ல் அம்மைப்பால் தயாரிக்கும் இடமாகத் தொடங்கி, 1905-ல் நிறுவனமாகத் திறக்கப்பட்டது. சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ.ஜி. கிங்கின் பெயர். கன்றுக்குட்டிகளின் தோலில் வளர்த்தெடுத்த மருந்து அங்கிருந்து மாகாணமெங்கும் போனது. நூறு வருடத்துக்கு மேல் அமைதியாக இருந்த அந்தப் பெயர் 2020-ல் எல்லா வீட்டு டி.வி.யிலும் கேட்டது. தமிழ்நாட்டில் கொரோனா பரிசோதனை முதலில் தொடங்கியது அங்கேதான்.

அந்த இரண்டு வருடங்கள் எல்லோருக்கும் நடந்த கட்டாய உயிரியல் பரீட்சை. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் ஏன் வேலை செய்யாது? நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமா? 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் பொதுமக்களுக்கு முன்னுதாரணமாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி இறந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள், தேசிய ஆய்வுக்குழுவும் பின்னர் அதையே சொன்னது. ஆனால் எங்கள் தெருவில் ஊசிக்குப் பெயர் கொடுத்திருந்தவர்கள் பின்வாங்கினார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிரியமான ஒருவர் போய்விட்டார், பயந்தார்கள். ஒன்றுக்குப் பின்னால் வந்தது என்பதால் அது அதனால்தான் வந்தது என்று ஆகிவிடாது. லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போடும்போது, ஊசி இல்லாவிட்டாலும் அந்த வாரம் சிலருக்கு மாரடைப்பு வந்தேயிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் மொழியிலேயே இதற்கு ஒரு சொலவடை உண்டு. அதை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேச யாரும் இருக்கவில்லை. ஈ.வி.எஸ். பாஸ் செய்த பட்டதாரிகள் அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருந்தோம்.

கிழக்கே சர்தார் படேல் சாலையில் ஐ.ஐ.டி.யில் பொறியியல் மாணவர்களுக்கும் ‘லைஃப் சயன்சஸ்’ என்று ஓர் அறிமுகப் பாடம் வைத்திருக்கிறார்கள். எதிரே அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் சுற்றுச்சூழல் பேப்பர் இருக்கிறது. நல்லது. ஆனால் என் கவலை நான்காம் பாகத்தில் உட்கார்ந்திருக்கும் பி.காம்., பி.ஏ. பிள்ளைகளைப் பற்றியது. அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்குத் தமிழில் இதைப் பேசலாமா என்ற கேள்வியையே இன்னும் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பேசலாம் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். மயிலாப்பூரில் வாழ்ந்து 1996-ல் மறைந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். மாநிலக் கல்லூரியில் படித்தபோது தாவரவியல் பேராசிரியர் ஃபைஸனோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வந்தவர். எந்த ஆய்வுக்கூடப் பதவியிலும் இல்லாமல் காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்த தியடோர் பாஸ்கரன் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தது வரலாறு. பிழைப்பு அஞ்சல் துறையில். தமிழில் சூழலியல் பேசும் தலைமுறை ஒன்று அவரைப் படித்துத்தான் வந்தது. விஞ்ஞானத்தை மேஜராக எடுக்காத ஒருவர் இவ்வளவு செய்திருக்கிறார். அந்த நான்காம் பாகத்து வகுப்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

யூ.ஜி.சி. கொடுத்த அந்த 5 மணி நேரத்தை இப்படிச் செலவழிக்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். சென்னையில் எந்தக் கல்லூரியிலிருந்தும் கிண்டிக்கு ரயிலோ பஸ்ஸோ மெட்ரோவோ உண்டு. இரண்டு மணி நேரம் பாம்புப் பண்ணை. ஒவ்வொரு மாணவரும் வீட்டில் கேட்ட ஒரு பாம்புக் கதையைக் கொண்டுவர வேண்டும். அது சரியா தப்பா என்று அங்கேயே சரிபார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் பக்கத்திலிருக்கும் சிறுவர் பூங்காவில் ஏதாவது ஒரு பிராணியின் முன்னால் பேசாமல் நின்று அது செய்வதையெல்லாம் தமிழில் எழுத வேண்டும். ஒரு மணி நேரம் கிங் இன்ஸ்டிட்யூட்டில் யாராவது ஒரு டெக்னீஷியனிடம், ஒரு பரிசோதனையின் முடிவு எப்போதெல்லாம் தப்பாக வரும் என்று கேட்க வேண்டும். கடைசி மணி நேரம் டீக்கடையில். அன்றைக்குப் பார்த்ததில் எதை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்று சண்டை போட.

25 மார்க் அந்தச் சண்டைக்கு.